மூழ்க வைத்த வள்ளம்

ஒரு குட்டித் தீவில் வள்ளம் ஒன்று இருந்தது. பெரும்புயல் வருகிறது என்று தெரிந்ததும், அதன் சொந்தக்காரர் சூசை அதை அலையடிக்காத ஓடைக்குள் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே கல்லை அடுக்கி, தண்ணீரையும் மொண்டு ஊற்றினார். வள்ளம் மெல்ல மெல்ல அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

"இத்தனை வருஷம் இவரைச் சுமந்தேனே! இப்படி முக்கிக் கொன்னுட்டாரே!" என்று அழுதது.

அந்தக் கல்லிடுக்கில் வந்து ஒண்டிய நண்டு ஒன்று கண்ணை நீட்டிப் பார்த்தது. "செத்தவங்க இவ்வளவு பேசமாட்டாங்கம்மா."

"உனக்குச் சிரிப்பு! கரையில பச்சைப் படகைத் தென்னையில கட்டி ராணி மாதிரி வச்சிருக்காங்க. இந்தக் கல்லைத் தள்ளிவிடு, நானும் அங்கே போறேன்."

"தள்ளமாட்டேன். இன்னைக்கு இதுதான் என் வீடு."

அதற்குள் புயல் வந்துவிட்டது. மேலே காற்று பேயாய்க் கத்தியது. அடியில் மணல் மட்டும் கலங்கியது. இரண்டும் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

விடிந்ததும் தண்ணீர் தெளிந்தது. தலைக்கு மேலே பச்சைப் பலகைகள் மிதந்து போயின. பின்னாலேயே அந்தத் தென்னையும் போனது. வள்ளம் தன் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

பிறகு இரண்டு கால்கள் ஓடைக்குள் இறங்கின. சூசை முங்கி, வள்ளத்தின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார். "மாதாவே! பிள்ளைங்க எல்லாம் சுகம். நீயும் இருக்கியா தாயி?"

கேட்க வைத்திருந்த கேள்வியெல்லாம் வள்ளத்துக்கு மறந்துபோனது.

"கல்லைப் பார்த்து எடுங்க," என்றது. "உள்ளே நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்."