கூச்சல் போடக் கூடாது

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மே மாதப் புழுக்கத்தில், பள்ளியின் விளையாட்டு அரங்கில் பட்டமளிப்பு நடக்கிறது. தலைமையாசிரியர் விட்மோர் கறுப்பு அங்கிக்குள் ஆவியில் வெந்துகொண்டே, "கண்ணியம், கண்ணியம்" என்று மைக்கில் ஓதுகிறார். கத்துகிற குடும்பம் வெளியே அனுப்பப்படும்; அந்தப் பிள்ளைக்கு இன்று சான்றிதழ் கிடையாது. யாரை மனதில் வைத்துச் சொல்கிறார் என்பது அந்தப் பள்ளியின் சொற்பக் கறுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும்; பிள்ளையின் பெயர் கேட்டதும் எழுந்து ஆர்ப்பரிப்பது அவர்கள் குடும்பங்களின் வழக்கம். அதனால்தான் ஸனாயா காலையிலேயே அம்மாவிடம் கெஞ்சியிருக்கிறாள்: "இன்னைக்கு ஒரு நாள் யாரும் வாயைத் திறக்காதீங்கம்மா." இப்போது அவள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். விரலில் ஒட்டிய சுண்ணாம்புத் தூளைத் தட்டுவதுபோல் நாலு கைகள் தட்டி ஓய்கின்றன. சான்றிதழின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை இன்னும் விட்மோர் கையில். நடு வரிசை முழுக்க அவளுடைய தேவாலயத்து ஜனம். எல்லார் கையிலும் அவள் முகம் அச்சடித்த அட்டை விசிறி, ஒன்றுகூட அசையவில்லை. ஞாயிறுதோறும் பாடிக் கூரையைப் பிய்க்கும் லொரெட்டா அத்தை, கன்னம் உப்ப, கண் கலங்க, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த அமைதியில் ஸனாயா யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியவில்லை. அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

"என்ன, எல்லாரும் செத்தா போயிட்டீங்க? என் பேரு காதுல விழலையா?"

நடு வரிசை வெடிக்கிறது. அம்மா சந்தோஷம் தாங்காமல் செருப்பைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றுகிறாள். விட்மோர் சான்றிதழைத் தன் பக்கம் இழுக்கிறார், ஸனாயா விடவில்லை.

"அந்த வரிசை வெளியே போகணும்!" என்கிறது மைக்.

"போறோம் சார்," என்று நாற்காலிமேல் ஏறுகிறாள் லொரெட்டா அத்தை. "கத்தி முடிச்சுட்டுப் போறோம்!"