மூன்றாம் ஓலை

தீவுக் கோயிலில் ஞாயிறு பூசை முடியப் போகிறது. ரீத்தா டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுடைய கல்யாணத்துக்கு ஃபாதர் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்து ஊரறிய அறிவித்துவிட்டார். இன்று மூன்றாவது ஓலை. யாரும் தடை சொல்லாவிட்டால் அடுத்த வாரம் கல்யாணம்.

"டெர்வின் மெயின்லேண்டுலேர்ந்து கப்பல்ல வந்துட்டான்க்கா. பின்னாடி நிக்கிறான்" என்று கிசுகிசுத்தாள் தங்கை ஆக்சிலியா.

"அவனுக்கு யாருடி சொன்னது?"

"பெத்த புள்ளைக்குத் தெரிய வேண்டாமா? அரே, திரும்பிப் பாக்காதக்கா!"

ஃபாதர் வாசித்தார்: "வண்டூர் படகுக்காரர் வேதநாயகம், வயது அறுபத்தெட்டு. ஜங்லிகாட் ஓய்வுபெற்ற ஆசிரியை, கைம்பெண் ரீத்தா, வயது அறுபத்து நான்கு. தடை உள்ளவர்கள் சொல்லலாம்."

கடைசி வரிசையில் டெர்வின் கையைத் தூக்கினான். கோயிலே திரும்பிப் பார்த்தது. டீச்சர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னாடி சரியா கேக்கல ஃபாதர். எங்கம்மா பேரை இன்னொரு தடவை சத்தமா வாசிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பதினாறு வருஷத்துக்கு முன், இதே கோயிலில் டெர்வினுக்கு மூன்றாம் ஓலை வாசித்த அன்று, "என் மகனுக்குப் படகுக்காரன் பொண்ணா? நான் தடை சொல்றேன் ஃபாதர்!" என்று எழுந்து நின்றவள் அவள்தான்.

அவன் அப்புறம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.