எம்.பி. குனிந்த பாதி வணக்கம்

கொரியாவின் காங்வொன் மலையடி ஓடையைக் கல் மேல் கல்லாகத் தாண்டி வந்த எம்.பி. குக் தே-சிக், ஊர்த்தலைவி மா சுன்-ஓக்கின் முன் இடுப்பு ஒடியக் குனிகிறார். பெரிய மனிதர் நிமிரும் முன் தான் நிமிர்வது மரியாதையில்லை என்று அவளும் குனிந்தே நிற்கிறாள். போன மழை அடித்துக்கொண்டு போன பாலத்துக்குப் பதில் புதுப் பாலத்தை இன்று அவர் வாயாலேயே அறிவிக்கப்போகிறார் என்று காலையிலிருந்து மூன்று முறை ஊர் ஒலிபெருக்கியில் முழங்கியவள் அவள்தான். வெங்காயத்தாள் அடையின் எண்ணெய் வாசம் மூக்கைத் துளைக்கிறது. எங்கோ போன் அதிர்கிறது. உதவியாளரின் குரல் கிசுகிசுக்கிறது: "ஐயா, புதுத் தொகுதி எல்லை வந்தாச்சு. இந்த ஓடைதான் கோடு. இந்தக் கரை இனி நம்மது இல்ல." குனிந்த கண்ணுக்குத் தெரிவது பளபளக்கும் கறுப்பு ஷூக்கள் மட்டும். அவை தயங்குகின்றன, திரும்புகின்றன, கல் கல்லாகத் தாவுகின்றன. ஒன்று வழுக்கித் தண்ணீரில் முங்குகிறது.

"அக்கா, நிமிருங்க. ஆளு போயாச்சு," என்கிறாள் அடை சுடும் ஓக்-புன்.

"பாலம்?"

"அத அங்க போய்க் கேளுங்க. இங்க குனிஞ்சதுல மிச்சத்த அந்தக் கரையில குனியிறாரு பாருங்க."

எதிர்க்கரையில், ஒற்றைக் கால் சொட்டச் சொட்ட, நாலு பேர் முன்னால் அவர் இடுப்பு ஒடியக் குனிந்திருக்கிறார். சுன்-ஓக் முதல் கல்லில் கால் வைக்கிறாள். கல் ஆடுகிறது.