தேய்த்துக் கழுவிய கால்கள்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, ஏசு சீடர்களுக்குச் செய்ததுபோல், சாமியார் பன்னிரண்டு பேருடைய அழுக்குக் கால்களைக் கழுவுகிறார் என்று நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை இருந்து வருகிறது. இது உடனடியாகத் திருத்தப்பட வேண்டிய பிழை.

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்னக் கோயிலைப் பொறுத்தவரை, பன்னிரண்டு பேரும் முன்கூட்டியே கிணற்றடியில் செங்கல்லும் தேங்காய் நாருமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். சாமியார் கழுவியது, ஏற்கெனவே கழுவிய கால்களை. துடைத்த துண்டு வெள்ளையாகவே இருக்கும். கோயில் துணிகளைத் துவைக்கும் சகாயம்மாள் அதை வெறும் தண்ணீரில் அலசிக் காயப்போடுவதோடு சரி.

தேய்த்தது போதுமா என்று குனிந்து பார்த்துச் சொல்பவர், சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயிலைக் கவனிக்கும் உபதேசியார் லாசர். பன்னிரண்டு நாற்காலிகளில் முதல் நாற்காலியும் அவருடையதே.

1958-ல் அவர் ஓர் ஆளை வேண்டாம் என்றார்.

"சூசைமாணிக்கத்தோட கால் ஆகாதுங்க சாமி. எத்தனை தேய்ச்சாலும் அந்தச் செவப்புப் போகாது. அது பெருநோய், குஷ்டம்."

சூசைமாணிக்கம் தறி நெய்பவர். வெயில் ஏறினால் இரண்டு பாதங்களும் செம்பருத்தி நிறத்துக்கு வந்து, அடுப்பில் வைத்ததுபோல் எரியும். தறிக்குழியில் மிதியை மிதிக்க முடியாது. மரத்தொட்டித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் எங்கே போனாலும் மகள் இன்னாசிமேரி தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள்.

அவளுக்கு ஆத்தூரில் மாப்பிள்ளை பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெரிய வியாழன் பூசைக்கு வருவதாக இருந்தார்கள். வருஷா வருஷம் கால் நீட்டும் சம்பந்தியை இந்த வருஷம் காணோம் என்றால் காரணம் கேட்பார்கள். காரணம் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

"பெருநோயா இல்லையான்னு டாக்டர் சொல்லட்டும்," என்றார் தோமினிக் சாமியார்.

புதன்கிழமை காலை சேலத்திலிருந்து டாக்டர் பாலசுந்தரம் வந்தார். சாமியாரின் அறைக்குள் அவரும் டாக்டரும் லாசரும் சூசைமாணிக்கமுமாக நான்கு பேர், சூசைமாணிக்கத்தின் காலடியில் தொட்டி. மூடிய கதவுக்கு வெளியே பாதி ஊர்.

டாக்டர் சூசைமாணிக்கத்தின் பாதத்தைத் தொட்டார். சூடு தாங்காமல் கையை எடுத்தார்.

"தண்ணியில வெச்சா?"

"செவப்பு எறங்கிருமுங்க. எடுத்தா மறுக்கா ஏறும்."

டாக்டர் அவர் கண்களைத் துண்டால் கட்டினார். குண்டூசி நுனியால் பாதத்தை லேசாகத் தொட்டார்.

"ஐயோ சாமி" என்று காலை இழுத்துக்கொண்டார் சூசைமாணிக்கம்.

"பெருநோய் புடிச்ச எடத்துல உணர்ச்சி செத்துப்போயிடும். இவருக்கு வேண்டிய மட்டும் இருக்கு," என்றார் டாக்டர். "இது ரத்த ஓட்டக் கோளாறு. ரொம்ப அபூர்வம். யாருக்கும் ஒட்டாது. எரித்ரோமெலால்ஜியா."

கிரேக்கத்தில் அதற்குச் சிவந்த கைகாலின் வலி என்று பொருள். சூசைமாணிக்கம் நாலைந்து வருஷமாகத் தமிழில் சொல்லிவந்ததும் அதைத்தான்.

லாசர் ஒப்பவில்லை.

"ஊசி வாரது தெரிஞ்சா ஆருதானுங்க கத்தமாட்டாங்க? மக கல்யாணம்னா நானுங்கூடக் கத்துவேன்."

"கண்ணைக் கட்டித்தானே குத்தினேன்?"

"கட்டுனா என்னங்க? நீங்க குனியற சத்தம் கேக்குதில்லீங்க? எனக்குக் கட்டிப் பாருங்க. ஊசி வாரதுக்கு முந்தியே சொல்லிப்போடறேன்."

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். லாசர் உட்கார்ந்து, பளபளவென்று தேய்த்துவைத்திருந்த கால்களை நீட்டினார். வலது கணுக்காலுக்கு மேலே காலணா அகலத்துக்கு வெளுத்திருந்த ஓரிடத்தை டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம்தான் கண்ணைக் கட்டினார்.

"ஊசி வந்ததும் சொல்லுங்க."

"முந்தியே சொல்றனுங்க."

டாக்டர் சத்தமில்லாமல் குனிந்தார்.

"இன்னும் வரலீங்க," என்றார் லாசர்.

சாமியாரின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"என்னங்க டாக்டர், பயமா? குத்துங்க. வெளிய சனம் காத்துக்கிட்டு நிக்குது."

ஊசி அவர் காலில் நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் அதை உருவினார். துண்டை அவிழ்த்த லாசர், மூன்று முகங்களையும் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். வெளுத்த இடத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆரம்பம்தான். மாத்திரை இருக்கு, குணமாயிடும்," என்றார் டாக்டர் தணிந்த குரலில்.

லாசர் மூடிய கதவைப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, என்ன நோவுன்னு தெரிஞ்சுதுங்களா?" சகாயம்மாள் கேட்டுக்கொண்டே கதவைத் தள்ளினாள். அவள் தோளுக்குப் பின்னால் பத்துத் தலைகள்.

லாசரின் கால் சூசைமாணிக்கத்தின் தொட்டிக்குள் முழங்காலளவு இருந்தது. பிடித்து உள்ளே இழுத்த கையைச் சூசைமாணிக்கம் இன்னும் எடுக்கவில்லை. பக்கத்தில் அவருடைய கால்களும்.

"எனக்குப் பெருநோய் இல்லையாமா," என்றார் சூசைமாணிக்கம். "ஒட்டாத எரிச்சலாமா. உபதேசியாருக்கும் கொஞ்சம் எரியுதாமா. இனி மாசாமாசம் ரெண்டு பேரும் ஒண்ணா சேலம் போயி மாத்திரை வாங்கோணும்."

மறுநாள் ஆத்தூர்க்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாற்காலியில் சூசைமாணிக்கம், கடைசி நாற்காலியில் லாசர். சாமியார் ஒவ்வொரு காலாகக் கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிட்டுக்கொண்டே போனார்.

பூசை முடிந்து துண்டை வாங்கிய சகாயம்மாள், கடைசிக் காலைத் துடைத்த முனையில் செம்மண் ஒட்டியிருந்ததால், அந்த வருஷம்தான் முதல் தடவையாக அதைச் சோப்புப் போட்டுத் துவைத்தாள்.