இடது இறக்கையில் ஒரு மூடி

"திருப்புங்க. இறக்கையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டுங்க. திருட்டு அங்கேதான் இருக்கு!"

நாமியே என்ற அந்தப் பெண் போட்ட சத்தத்தில், ஜப்பானின் ஷிஸுவோக்கா நகரப் பிளாஸ்டிக் மாடல் கண்காட்சியின் அந்த வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

போட்டிக் கம்பெனியின் கடைப் பொறுப்பாளர் தெராதா சிரித்த முகம் மாறாமல் அந்தச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் இறக்கையைத் திருப்பினார். நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு; ஒரு சாண் கூட இருக்காது. சேபர் என்ற பழைய ஜெட் போர் விமானத்தின் இடது இறக்கை அது. பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளில் கொட்டை எழுத்தில், 'நிஜ விமானத்தை அளந்து செய்தது.'

"இதோ, சின்னச் சதுர மூடி. இது வலது இறக்கையில மட்டும்தான் இருக்கணும். இடதுல எப்படி வந்துச்சு?"

"நிஜ விமானத்துல இருக்கு, நாமியே சான். அதனால வந்துச்சு" என்றார் அவர், 'சான்' என்ற மரியாதை குறையாமல்.

"பொய்! அது நான் பண்ணின தப்பு. என் தப்பையே காப்பியடிச்சிட்டு, அளந்தோம்னு கூசாம எழுதி வச்சிருக்கீங்க."

முப்பத்தொரு வருடங்களுக்கு முன் நாமியே தன் மாடல் கம்பெனியில் வரைபடம் போடுபவளாக இருந்தாள். சேபரின் வலது இறக்கையை வரைந்தாள். அதே தாளைக் கவிழ்த்துப் போட்டு இடது இறக்கையை நகலெடுத்தாள். மூடியும் கூடவே வந்துவிட்டது. அழிக்க மறந்துபோனாள்.

அந்த மாடல் விற்பனைக்கு வந்த மாதத்திலேயே விமானப் பிரியர்களிடமிருந்து எழுபத்துமூன்று கடிதங்கள் வந்தன. 'இடதில் ஏது மூடி? உங்கள் ஆள் குருடா?' முதலாளி அவளுடைய வரைபட மேஜையைப் பிடுங்கிக்கொண்டார். மாடலின் துண்டுகளைத் தொலைத்துவிட்டுக் கடிதம் போடுகிறவர்களுக்கு மாற்றுத் துண்டு அனுப்பும் அறையில் உட்கார வைத்தார். இன்றும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம்.

'திருட்டுன்னு நிரூபிச்சிட்டு வா. உன் மேஜை உனக்கு' என்று நேற்றுதான் முதலாளி சொல்லியிருந்தார்.

தெராதாவின் சிரிப்பு போய்விட்டது. "விமானம் நாற்பது நிமிஷ தூரத்துல நிக்குது. போன வருஷம் திறந்த காட்சிக்கூடம். என் கார்ல வாங்க. அந்த மூடி அங்கே இல்லன்னா, இங்கேயே எல்லார் முன்னாடியும் மண்டி போட்டு நெத்தியைத் தரையில வைக்கிறேன்."

"இருந்தா?"

"நீங்க வைக்கணும்."

"வைக்கிறேன். எடுங்க காரை."

வழியில் அவர் ஒரு பாட்டில் பச்சைத் தேநீரை நீட்டினார்.

"திருடன் கையால எனக்கு எதுவும் வேண்டாம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சேபர் வெள்ளியாக மின்னிக்கொண்டு நின்றது. நாமியே யாரையும் கேட்காமல் கயிற்றைத் தாண்டிப் போய், இடது இறக்கைக்கு அடியில் குனிந்து, கைபேசி வெளிச்சத்தை அடித்தாள்.

மூடி இருந்தது. சதுரமாக, சுற்றிலும் எட்டு திருகாணிகளோடு, அவள் வரைந்த அதே இடத்தில்.

விரலால் தடவிப் பார்த்தாள். நிஜத் தகடு, சில்லென்று இருந்தது.

தெராதா கைகட்டி நின்றார். அவள் அங்கேயே மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள். "மன்னிச்சிடுங்க, தெராதா சான்."

எழுந்தபோது அவள் முகம் முன்னைவிடச் சிவந்திருந்தது. கைபேசியில் முதலாளியைக் கூப்பிட்டாள்.

"முதலாளி, நான் சேபருக்கு அடியில நிக்கிறேன். இடது இறக்கையில மூடி இருக்கு! கேட்குதா? நிஜ விமானத்துல இருக்கு! நான் எந்தத் தப்பும் பண்ணல. முப்பத்தொரு வருஷம் என்னைத் தபால்தலை ஒட்ட வச்சீங்களே! கடிதம் போட்ட எழுபத்துமூணு பேரும் முட்டாளுங்க. நீங்க எழுபத்துநாலாவது!"

 மறுமுனையிலிருந்து அவள் இதுவரை கேட்டிராத ஒரு தணிந்த குரல் வந்தது. "மன்னிச்சிடுங்க, நாமியே சான். நாளைக்குக் காலையில உங்க மேஜை தயாரா இருக்கும்."

கண்ணைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள். தெராதா மறுபடியும் பாட்டிலை நீட்டினார். இந்தமுறை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

சத்தம் கேட்டு, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஒருவர் ஓடிவந்தார். விமானத்தைப் பழுது பார்த்த மெக்கானிக் இனாகாகி.

"மூடியைப் பத்தியா பேசுறீங்க? எப்படி இருக்கு எங்க கை வேலை?" என்றார் பெருமையாக. "கடலோரத்துல கிடந்து, உப்புக்காத்துல இறக்கை ரெண்டோட அடித்தகடும் அரிச்சுக் கொட்டிப் போச்சுங்க. பழைய வரைபடம் ஒண்ணுகூடக் கிடைக்கல."

"அப்புறம் எப்படி…" தெராதா மறுபடியும் இறக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"நம்ம ஊர் மாடல் கம்பெனி தப்பு பண்ணாதுன்னு நம்பி, இதுல ஒவ்வொண்ணா அளந்து நாற்பத்தெட்டால பெருக்கினோம்" என்று சொல்லி அவர் அலமாரியிலிருந்து எடுத்த முப்பத்தொரு வருடப் பழைய சேபர் மாடல் பெட்டியின் ஓரத்தில், பொடி எழுத்தில் இருந்தது: 'வரைபடம்: நாமியே.'