இன்னொரு தடவை

சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்தின் கிரேன்கள் ஜன்னலுக்கு வெளியே மாலை மழையில் மங்குகின்றன. ஆய்வுக்கூடத்தில் சிவகாமசுந்தரி தனியாக இருக்கிறாள். சூடேறும் உலோகத்துக்குள் படிகக் குருணைகள் எப்படி வளர்கின்றன என்பதைக் கணினி கணக்கிட, பிரிண்டர் கடகடவென்று அடித்துத் தள்ளுகிறது. தாளில் ஒவ்வொரு குருணைக்கும் ஓர் எழுத்து. பெரியவை பரவப் பரவ, சின்னவை தாளுக்குத் தாள் சுருங்கிக் காணாமல் போகின்றன. அவளும், இங்கே அவளோடு வேலை பார்த்த இஞ்ஞாசியும் சேர்ந்து எழுதிய புரோகிராம் இது. யார் கேட்டாலும் ஒரு வரிகூட மறைக்காமல் டேப்பில் பதிந்து கொடுத்துவிடுவார்கள். இஞ்ஞாசி லண்டனுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தொலைபேசி அடிக்கிறது, அவன்தான். "சுந்தரி, இங்க ஒரு காலேஜ்ல நம்ம புரோகிராமைக் கேக்குறாங்க. டேப் அனுப்புறியா?" "அனுப்புறேன் லா. அதுக்குத்தான் போன் பண்ணீங்களா?" அவன், "பின்னால என்ன சத்தம்? நம்ம பிரிண்டரா?" என்கிறான். அவள் ரிசீவரை, வயர் எட்டுகிற மட்டும் இழுத்து, பிரிண்டர் பக்கம் நீட்டிப் பிடிக்கிறாள். தாள் மடிந்து மடிந்து தரையில் இறங்குகிறது. கடைசி வரியும் அடித்து ஓய்ந்த பிறகே ரிசீவரைக் காதில் வைக்கிறாள். "லைன்ல இருக்கீங்களா?" "இருக்கேன்," என்கிறான் இஞ்ஞாசி. "இன்னொரு தடவை ஓடவிடு."