யார் உதவியும் இல்லாமல்

கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

ரோச் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் விளிம்பில் வைத்தார். பேசியவள் ஜெயபிரியா என்ற நர்ஸ். ஐசியூவிலிருந்து பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறார்களாம்.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குத் தோணியைச் செலுத்திச் சரக்கு கொண்டுபோன தண்டல் ரோச். விபத்தில் அடிபட்டு, பதினெட்டு நாள் தொண்டையில் குழாயோடு கிடந்து எழுந்ததிலிருந்து, விரல்கள் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

"ராத்திரி தூக்கம் வருதா அண்ணாச்சி?"

"அடிச்சுப் போட்டாப்ல தூங்குதேன்."

இருட்டினால் மானிட்டர் சத்தம் கேட்கிறது என்று விடிய விடிய விளக்கைப் போட்டுக்கொண்டு கிடப்பவர். மனைவி பிளாரன்ஸ் கண்ணை உருட்டினாள்.

"யார் உதவியும் இல்லாம சட்டை துணி உடுத்த முடியுதா?"

அப்போது அவர் பிளாரன்ஸ் முன்னால் முட்டி போட்டு, மோவாயை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் சட்டையின் மூன்றாவது பட்டனை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் நானே உடுத்திக்கிடுவேன்."

அவர் நெஞ்சில் அவள் லேசாக ஒரு குத்து விட்டாள்.

"மனசு சோர்ந்துபோய், எதுக்கு இருக்கோம்னு தோணுதா?"

காலர் பட்டனில் அவள் கை அப்படியே நின்றது.

"புதன்கிழம தோணிச்சு," என்றார். "வீட்டுக்காரி ஏசினா. எந்திரிச்சுட்டேன்."

அவள் அந்தப் பட்டனை மாட்டி, காலரை நீவிவிட்டாள்.

"கடைசியா, உங்க உடம்புக்கு நூத்துக்கு எத்தன மார்க் போடுவீங்க?"

"எம்பது."

பிளாரன்ஸ் சத்தமில்லாமல் ஐந்து விரலை விரித்துக் காட்டினாள்.

"சரி, எழுபது போட்டுக்கோங்க."

ஜெயபிரியா சிரித்துவிட்டாள்.

"அக்காகிட்ட கொடுங்க அண்ணாச்சி. அதே ஆக்சிடெண்ட், அடுத்த பெட்லதான கெடந்தாங்க. அவங்களயும் கேட்டு எழுதணும்."

பிளாரன்ஸ் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நடக்க, வெளிய போய்வர, செரமம் ஏதும் இருக்கா அக்கா?"

"ஒரு செரமமும் இல்ல. இந்தா, கல்யாணத்துக்குக் கெளம்பிட்டேம்லா," என்றாள்.

ரோச் எழுந்து அவளுக்குப் பின்னால் போனார். காலால் பிரேக்கை எடுத்துவிட்டு, சக்கர நாற்காலியை வாசலை நோக்கித் தள்ளினார்.